இரண்டு வாசலில் நின்று எண்ணியவருக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குத்தான் இன்று மாலை ஆறு மணி வரைக்கும் கெடு.

திடுக்கிடாதே. நான் பிறந்ததிலிருந்து நீதான் என்னை "அம்மா, இங்க வாம்மா", "சாப்டியாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். பெண் குழந்தை பெற்ற அப்பாக்கள் எல்லோரும் செய்வதுதான். இத்தனை வருடம் அந்தப் பதவியைச் சும்மா வைத்திருந்தேன். இன்றைக்கு அதை அதிகாரத்தோடு பயன்படுத்தப் போகிறேன். ஆகவே இந்தக் கடிதம் முடியும் வரை நீ எனக்கு மகன், நான் உனக்கு அம்மா, என்னைப் பெற்றவள் எனக்கு மருமகள். 'நீங்க' என்று ஆரம்பித்தால் பாதியிலேயே பயம் வந்துவிடும், அதனால் 'நீ'. இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் சாட்சி. பெற்ற அப்பனை நீ வா போ என்கிறாளே என்று அத்தை அங்கலாய்ப்பார்கள் என்று தெரியும். முழுக்கப் படித்துவிட்டு அங்கலாய்க்கட்டும்.

விஷயம் இதுதான். தில்லை நகரில் நீ வேலை பார்க்கும் மூன்றாவது மாடி சர்வர் அறையை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். சென்னையில் ஒரு பெரிய டேட்டா சென்டரில் உனக்கு வேலை காத்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று ஆறு மணிக்குள் அங்கே வேலை பார்க்கும் பர்வீன் அக்காவுக்கு போன் செய்து சொல்ல வேண்டும். நீ இல்லை என்று சொல்லப் போகிறாய். காலையில் மருமகளிடம் அப்படித்தான் சொன்னாய். சொல்லிவிட்டு மாமாவோடு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை பார்க்கப் போயிருக்கிறாய், சிசிடிவி கேமரா விற்பதற்கு. மாமா, உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வண்டி ஓட்டும்போது மட்டும் இதைப் படிக்காதீர்கள். ஆனால் என் மகன் கேமரா விற்கப் பிறந்தவன் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

"பொண்ணு பிளஸ் டூ, இந்த நேரத்துல எப்படி விட்டுட்டுப் போறது" என்று எல்லோரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தயவுசெய்து என் பிளஸ் டூவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. நானே அங்கேதான் ஒளிந்திருக்கிறேன், இரண்டு பேருக்கு இடம் போதாது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் நீ செய்யும் வேலை என்னவென்று பெரியப்பாவுக்கு ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அவர் இன்னமும் நீ எலக்ட்ரீஷியன் என்றுதான் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா, இந்த சுவிட்ச் வேறு. அந்த அறையில் இரும்பு அலமாரிகளில் கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருக்கும், சர்வர் என்று பெயர். அவற்றுக்கு நடுவே தட்டையாக ஒரு பெட்டி, முகமெல்லாம் ஓட்டை. அதுதான் சுவிட்ச். ஓட்டைக்கு போர்ட் என்று பெயர். நான் வாசல் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சர்வரின் கேபிள் செருகியிருக்கும். ஒரு சர்வர் இன்னொன்றுக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். பெட்டி அதை வாங்கி, உரியவர் வாசலில் மட்டும் கொடுக்கும், பக்கத்து வாசலிடம் மூச்சு விடாது. நம் அபார்ட்மென்ட்டுக்கு அப்படி ஒரு வாட்ச்மேன் இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஏதாவது கோளாறு என்றால் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒருவர் பார்த்தாக வேண்டும் அல்லவா. அதற்குத்தான் போர்ட் மிரரிங். 'இந்த வாசலில் போவது வருவது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, சும்மா இருக்கும் அந்த வாசலுக்கு அனுப்பு' என்று பெட்டியிடம் சொல்லிவைப்பது. அசல் தன் பாட்டுக்குப் போய்ச் சேரும். நகல் என் மகனின் லாப்டாப்புக்கு வரும். அவன் உட்கார்ந்து பார்ப்பான். நகல் வரும் வாசல் கேட்க மட்டும் செய்யும், வாய் திறந்து ஒன்றும் சொல்லாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று மிஸ் கேட்டார்கள். "ஒட்டுக் கேக்குற வேலை மிஸ்" என்றேன். மருமகள் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ மட்டும் வீட்டில் சிரித்துக்கொண்டே, "தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாய். உன் வேலையில் உனக்கு அவ்வளவு பெருமை அப்போது. கேட்கிற ஆள் சரியாகக் கேட்டால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்வாய்.

போன வருடம் மழைக்கு முன்னால் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. சுற்றுவட்டார கிளினிக்குகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் உங்கள் அறை வழியாகத்தான் போகும். திடீரென்று எல்லாம் ஆமை வேகம். கிளினிக்கிலிருந்து போன் மேல் போன். அந்த முடிவுகளை அனுப்பும் புரோகிராமை எழுதியவர் பர்வீன் அக்கா, வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நீ மிரரிங் போட்டுப் பார்த்தாய். ஒவ்வொரு பொட்டலமும் திரையில் இரண்டு தடவை வந்தது. புரோகிராம் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக அனுப்பி நெட்வொர்க்கை அடைக்கிறது என்று மேனேஜரிடம் சொன்னாய். மீட்டிங்கில் அக்கா சொன்னது ஒரே ஒரு வரி என்று பிற்பாடு நீயே மருமகளிடம் சொன்னாய்: "சார், நான் ஒரு தடவதான் அனுப்புறேன்." திரையில் இரண்டு தெரியும்போது ஒன்று என்பவரை யார் நம்புவார்கள்? அடுத்த நாளே அக்கா வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், போகச் சொல்வதற்கு முன்னால் தானே.

அவருடைய புரோகிராமை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார்கள். வேகம் கூடவில்லை. திரையில் அப்போதும் இரண்டிரண்டு. நீயே உட்கார்ந்து ஒரே ஒரு பொட்டலத்தை அனுப்பிப் பார்த்தாய். இரண்டாகத் தெரிந்தது. அனுப்பும் சர்வரின் வாசலிலும் மிரரிங் போட்டிருந்தாய், வாங்கும் சர்வரின் வாசலிலும் போட்டிருந்தாய். உள்ளே நுழையும்போது ஒரு நகல், வெளியே போகும்போது ஒரு நகல். போனது ஒன்றுதான், எண்ணியது இரண்டு. உண்மையான கோளாறு ஒரு கேபிளில். அதன் கிளிப் உடைந்து, சரியாகப் பிடிக்காமல், வேகம் பத்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. கேபிளை மாற்றினாய், எல்லாம் ஓடியது. மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். ஆபீஸ் முழுக்க மெயில் போட்டாய். அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "அரியமங்கலம் வரைக்கும் போயிட்டு வரலாம் வாம்மா, வர்ற வழியில ஐஸ்கிரீம்" என்றாய். தனியாகப் போக உனக்குப் பயம் என்று காவேரிப் பாலத்திலேயே தெரிந்துவிட்டது. சிக்னலே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றாய்.

அக்காவின் தம்பி அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறார், வீடு அதற்குப் பின்னாலேயே. அவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே உன்னை மேலும் கீழும் பார்த்தார். நீ ஆபீஸ் பெயரைச் சொன்னதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அக்கா, உன் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருக்கு. இன்னும் ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கோமான்னு பாக்க வந்திருக்காரோ என்னவோ."

அக்கா வாசலுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நீ நின்றபடியே, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னாய். "நீங்க ஒரு தடவதான் அனுப்பினீங்க. நான்தான் ரெண்டு வாசல்லயும் நின்னு ரெண்டா எண்ணிட்டேன்."

"இத போன்ல சொல்லியிருக்கலாமே சார்."

"போன்ல சொன்னா வச்சிடுவீங்க."

"இப்பக்கூட கதவச் சாத்தலாம்."

"சாத்துங்கம்மா. சொல்லிட்டேன்ல."

அக்கா சாத்தவில்லை. பிறகு கேட்டார்கள், "ரெண்டு போர்ட்லயுமா போட்டீங்க? போறது வர்றது ரெண்டும் சேத்தா?" நீ தலையை ஆட்டினாய். "ஏன் சார், அது காலேஜ் பசங்க பண்ற தப்பு."

"ஆமாம்மா."

"இத்தன வருஷ சர்வீஸ்ல?"

"ஆமாம்மா. திரும்ப வரச் சொல்றாங்க. மேனேஜரே பேசுறேன்னு சொன்னாரு."

"வரல சார். ஒரு தடவன்னு சொன்னேன், அந்த ரூம்ல ஒருத்தர்கூட நம்பல. அந்த நாற்காலில மறுபடி எப்படி உக்காருவேன்?"

நீ ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாய். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அக்கா, அவரை உள்ள கூப்பிட வேணாம். எனக்கு மட்டும் தண்ணி தாங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்றேன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ வந்தது. எனக்குப் பிஸ்கட்டும் வந்தது. கிளம்பும்போது அக்கா உன்னிடம் சொன்னது, "வந்ததுக்கு நல்லாருங்க சார்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஹெல்மெட்டுக்குள் நீ மூக்கை உறிஞ்சியது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. தூசி என்றாய். சரி, தூசி.

அதற்குப் பிறகு நீ வீட்டில் அந்த நகல் வாங்கும் வாசல் மாதிரி ஆகிவிட்டாய், மகனே. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாய், ஒன்றும் சொல்ல மாட்டாய். மருமகள் சாம்பாரை ஊற்றிவிட்டு உப்பு சரியா என்று கேட்டால், "நீயே பாத்துச் சொல்லேன்" என்பாய். எந்த காலேஜுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் கேட்டால், "உனக்கு எது தோணுதோ" என்பாய். பழைய அப்பாவாக இருந்தால் மூன்று காலேஜையும் ஒரு மணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று கேட்டால்கூட அம்பயர் சொல்லட்டும் என்றாய். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சரியாகச் சொல்வதையும் நிறுத்திவிட்டாய். வீட்டில் பேச ஆள் குறைந்துபோய், ஒரு நாள் நானும் மருமகளும் பிரிட்ஜிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அந்தத் தப்பு உன்னிடம் இன்னொன்றையும் செய்தது. அது உனக்கே தெரியாது. ஜூலை மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்மார்ட் போர்டைப் போட்டதும் பாடத்துக்குப் பதிலாக ஹெட்மாஸ்டரின் படம், கொம்பு மீசையோடு. அதை அனுப்பிய லேப் கம்ப்யூட்டரில் என் பெயரில் லாக்-இன் ஆகியிருந்தது. ஊரில் எந்தக் குறும்பு நடந்தாலும் என் பெயர் முதலில் வரும், அதில் எனக்கு வருத்தமில்லை, பாதி என்னுடையதுதான். நம் அபார்ட்மென்ட் வைஃபைக்கு 'தண்ணி வராது நாளைக்கு' என்று பெயர் வைத்து, எல்லா வீட்டிலும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் பிடிக்கவைத்தது நான்தான். ஆனால் மீசை என்னுடையது இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் செய்யாத குறும்புக்கு மாட்டிக்கொண்டு, நம்பவைக்க ஒரு வார்த்தையும் கிடைக்காமல் அந்த அறையில் நின்றேன். நீ வந்தாய். அவர் திரையைக் காட்டினார். லாக்-இன்னைக் காட்டினார். நீ பார்த்தாய். பிறகு சொன்னாய், "சார், நீங்க காட்டுறது ஒரு பக்கம்ங்க. இவ பக்கத்தையும் கேட்டுட்டுப் பேசலாங்களா?" என்னிடம் திரும்பி, "சொல்லும்மா" என்றாய். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை யாரும் அழவைத்ததில்லை, நான்தான் மற்றவர்களை அழவைப்பது வழக்கம். முந்தின பீரியடில் லாக்-அவுட் செய்யாமல் போனதைச் சொன்னேன். அடுத்த பீரியடில் அந்த லேபில் யார் இருந்தார்கள் என்று அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள்.

அரியமங்கலம் போவதற்கு முந்தைய நீயாக இருந்திருந்தால் திரையைப் பார்த்ததும் என் காதைப் பிடித்திருப்பாய். சத்தியமாகப் பிடித்திருப்பாய், அந்தக் காதுக்கு அனுபவம் இருக்கிறது.

பிறகு போன வாரம் அந்த போன். நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தெரியாத நம்பர், கிரெடிட் கார்டு ஆள் என்று நினைத்து நான் எடுத்தேன். "வணக்கம். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தோசை எல்லைக்கு உள்ளே இருக்கிறார். சிறிது நேரம் கழித்துச் சட்னியுடன் முயலவும்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு, "ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து வந்த வாலுதானே நீ? பர்வீன் அக்கா பேசுறேன். அப்பாகிட்ட குடு" என்றார்கள். சென்னையில் பெரிய டேட்டா சென்டரில் அக்கா இருக்கிறார்கள், ராத்திரி பகல் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் குழுவுக்கு ஒரு மூத்த ஆள் வேண்டும், உன் பெயரைச் சொல்லி எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நீ அன்றைக்கு, யோசிச்சுச் சொல்றேன் என்று போனை வைத்துவிட்டு மிச்ச தோசையைக்கூடத் தொடவில்லை.

உண்மைக் காரணம் என்றேன் அல்லவா. நேற்று நீ மருமகளிடம் சொன்னாய். பேச்சு சமையலறையில், நான் பக்கத்து அறையில் இயற்பியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். "இங்கன்னா ஒரு சின்ன ரூம். அங்க ஆயிரம் பேரு பொழப்பு அந்த ஒயர்ல போகுது. திரும்ப ஒருத்தர் வயித்துல அடிச்சுட்டேன்னா?" என்றாய். மருமகள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒட்டுக் கேட்பது தப்பு என்று நீ சொல்ல முடியாது. நீ சாப்பிடும் சோறு அது.

அதற்கு மறு நாள், அதாவது இன்று காலை, நானே பர்வீன் அக்காவைக் கூப்பிட்டேன். உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப் போவதையும் சொன்னேன். திட்டாதே. ஏன் எங்கப்பாவைக் கூப்பிடுகிறீர்கள், அவர்தானே உங்களைத் தப்பாகச் சொன்னவர் என்று நேராகவே கேட்டேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்க தெரியும் தெரியும்னு சொல்ற ஆள் ஒரு ஃப்ளோர் நெறைய இருக்காங்கடி. தப்பாப் பாத்துட்டேன்னு சொல்றதுக்கு வண்டி எடுத்துட்டு வர்ற ஆளு இன்னும் ஒருத்தரும் கெடைக்கல. என்னைய மாதிரி இங்க நாலு புதுப் பசங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தி 'ஒரு தடவதான் அனுப்பினேன்'னு சொன்னா, நம்பிட்டுத் திரும்ப எண்ணிப் பாக்குற ஆள் வேணும்."

இதற்கு மேல் அம்மா என்ன புத்தி சொல்ல? இருந்தாலும் பதவிக்காகச் சிலது சொல்லிவிடுகிறேன். பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதே, அது போகாது, அதையும் கூட்டிக்கொண்டு போ. சரியாகப் பார்ப்பதற்கு அது உனக்கு உதவும், என் காதுக்கு உதவிய மாதிரி. ஆனால் பார்த்ததைச் சொல். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, திரும்ப எண்ணிவிட்டு, வாயைத் திறந்து சொல். கேட்டுக்கொண்டே மட்டும் இருப்பது அடக்கம் இல்லை, மகனே. அக்கா மீட்டிங்கில் தனியாக நின்றபோது அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தார்கள். அங்கே மெஸ்ஸில் சாப்பாடு மோசமாக இருந்தால் மோசம் என்று சொல். பக்கத்து அறைக்காரரின் வைஃபையைக் கூலி இல்லாமல் சரிசெய்து கொடுக்காதே, அப்புறம் மாடி முழுக்க வரிசையில் நிற்கும். மருமகளுக்கு மத்தியானம் ஒரு தடவை போன் செய், அவள் எடுக்க மாட்டாள், ஆனால் வந்ததா என்று பார்ப்பாள். என் பிளஸ் டூவை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் நான் தப்பாக எண்ணினால் வந்து காதைப் பிடி, இரண்டு காதும் உனக்குத்தான்.

மணி மூன்று. இதை குரூப்பில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறேன். தைரியத்தால் இல்லை, தப்பிக்கத்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா

அதே நாள், மாலை. அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் மிச்சத்தைச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நீ ஐந்தரைக்கு மாடி ஏறி வந்தாய். திட்டுவாய் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். நீ என்னைத் தேடவே இல்லை. துணிக்கொடி ஓரமாக நின்று பர்வீன் அக்காவுக்கு போன் செய்தாய். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, உன் பக்கம் மட்டும் கேட்டது.

"ஆமாம்மா... படிச்சேன்... இல்ல, அவ எழுதப் போறது எனக்குத் தெரியாது... வர்றேன்மா. ஒண்ணு மட்டும். நான் சொல்றது தப்புன்னு பட்டா அங்கயே, எல்லார் முன்னாடியும் சொல்லிடணும் நீங்க... ஆங்? சரி... சரி, சிரிக்காதீங்க."

பிறகு தொட்டியைப் பார்த்துச் சொன்னாய், "கீழ போயி உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணுன்னு நிக்க எனக்குப் பயமா இருக்கு."

போனேன். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்து வெளியே வை என்றாள். இழுத்தேன். காலியாக இருக்கும் என்று நினைத்து வேகமாக இழுத்ததில் கை வலித்தது. திறந்து பார்த்தால் உன் சட்டைகள், தேய்த்து, மடிப்புக் கலையாமல்.

"எப்பம்மா எடுத்து வச்சே?"

"அவரு அன்னைக்கு பாதி தோசைல எந்திரிச்சுப் போனாருல்ல," என்றாள் அம்மா, "அப்பவே."